நட்டது 40, நிற்பது 11: மன்னார் மாவட்டத்து முசலிப் பக்கம் மரநடுகை பற்றி ஒரு கேள்வி

கொண்டச்சிக் காற்று:

அஸ்ஸலாமு அலைக்கும். மற்றவர்களுக்கு வணக்கம்.

போன ஐப்பசியில் எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத் சேர்ந்து 40 கன்று நட்டோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு பெரியவர்கள், மத்ரஸாப் பிள்ளைகள், பக்கத்து ஊர் ஆட்கள் என்று நல்ல கூட்டம் வந்தது. படமும் எடுத்தோம். நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நானும் இரண்டு பொடியன்களும் போய் எண்ணிப் பார்த்தோம். 11 நிற்கிறது. அதிலும் மூன்றுக்கு நுனி இல்லை.

காய்ந்த கன்று ஒன்றைப் பிடித்து இழுத்தேன். பையோடு வந்தது. கறுப்புப் பொலித்தீன் பை கிழியாமல் அப்படியே இருந்தது. உள்ளே வேர் சுற்றிச் சுற்றி, பாய் பின்னின மாதிரி இறுகிக் கிடந்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் அந்தக் கன்று மண்ணைத் தொடவே இல்லை. அதை நட்டது யார் என்று தெரியாது. நானாகவும் இருக்கலாம். அன்று அவசர அவசரமாக ஒன்பது நட்டேன்.

அன்றைய குத்பாவில் (ஜும்ஆப் பிரசங்கத்தில்) சொல்லப்பட்ட ஹதீஸ் (நபிமொழி) எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு முஸ்லிம் மரம் நட்டு, அல்லது பயிரிட்டு, அதிலிருந்து ஒரு பறவையோ மனிதரோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் (தர்மமாகும்). அனஸ் (ரலி) அறிவித்து புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நாங்கள் அதில் 'நட்டு' என்ற இடத்தோடு நின்றுவிட்டோம். 'உண்டால்' என்று ஒரு சொல் பின்னால் வருகிறதே? பை கழற்றாத கன்றில் எந்தக் குருவி வந்து எதைத் தின்னும்? நேற்று இரவு முழுக்க இதே நினைப்பு.

இந்த மாரிக்கு மறுபடி நடப்போகிறோம். எந்த மரம், தண்ணீருக்கு என்ன வழி, கட்டாக்காலி மாட்டை என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெடுங்கேணி விவசாயி:

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த 40 கன்றும் என்ன மரம்?

கொண்டச்சிக் காற்று:

தேக்கு 25, மலைவேம்பு கொஞ்சம், மிச்சம் பூமரம். கிடைத்ததை நட்டோம் ஐயா.

நெடுங்கேணி விவசாயி:

அதுதான் கேட்டேன். கிடைத்ததை நடுவதுதான் வன்னியில் எல்லா மரநடுகைக்கும் வருகிற வருத்தம். தேக்கு கெட்ட மரம் இல்லை. ஆனால் அது வெட்டுவதற்கு நடுகிற மரம். அதில் குருவிக்குத் தின்ன என்ன இருக்கிறது? நீங்கள் சொன்ன அந்த வசனத்துக்கே அது பொருந்தாது.

எந்த மரம் என்று யாரிடமும் கேட்க வேண்டாம். ஊர்ப்பெயர்களை வாசியுங்கள். உங்கள் பக்கம் பாலைக்குழி, வேப்பங்குளம், கூளாங்குளம். மன்னார் வடக்கே இலுப்பைக்கடவை. எங்கள் பக்கம் புளியங்குளம், மருதங்குளம், ஒதியமலை. எங்கள் முன்னோர் எந்த மண்ணில் எது தானாக நிற்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தார்கள். பாலை, வேம்பு, கூழா, இலுப்பை, புளி, மருது, நாவல், விளா, வீரை. இந்தப் பட்டியல் போதும்.

பாலை மெதுவாகத்தான் வரும். முதல் இரண்டு வருஷம் வளர்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஆனால் ஒருமுறை பிடித்தால் எந்தக் கோடைக்கும் அசையாது. வைகாசி, ஆனியில் பழம் பழுத்தால் கரடி, குரங்கு, கிளி, மனிதர் எல்லோருக்கும் அங்கேதான் சாப்பாடு. வேம்புக்கு விதை முக்கியம். பழம் விழுந்த இரண்டு, மூன்று கிழமைக்குள் சதையைக் கழுவிப் போட்டுவிட வேண்டும். வைத்திருந்து போட்டால் முளைக்காது. பனங்கொட்டையை நேரே மண்ணில் புதையுங்கள். கிழங்கு இறங்கிய பிறகு கிளப்பி நட்டால் சரிவராது. பனைக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றவே தேவையில்லை, ஆனால் காய்க்கப் பத்துப் பதினைந்து வருஷமாவது காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. குளக்கட்டில் மட்டும் எதையும் நட்டுவிடாதீர்கள். வேர் கட்டுக்குள் இறங்கி, மரம் செத்த பிறகு அந்த வேர் உக்கிப்போன ஓட்டை வழியே தண்ணீர் கசியும். மருதும் நாவலும் அலைகரைப் பக்கம், குளத்துத் தண்ணீர் ஏறி இறங்குகிற ஓரத்தில் நிற்கட்டும்.

தண்ணீரூற்றுத் தம்பி:

ஐயா சொல்வது எல்லாம் சரி. ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் பாலையை நட்டுவிட்டு, இரண்டு வருஷம் அசையாமல் நிற்கிறதைக் காட்டினால் அவர்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். நாங்கள் பள்ளிவாசல் வளவில் ஜாம் பழ மரம் இரண்டு வைத்தோம். இரண்டாம் வருஷமே பழம். காலையில் சுபஹ் தொழுதுவிட்டு வெளியே வந்தால் கொண்டைக்குருவி சத்தம் காதைப் பிளக்கும். அதைப் பார்த்துத்தான் பொடியன்கள் மற்றக் கன்றுகளுக்கும் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்கள்.

நெடுங்கேணி விவசாயி:

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஜாம் மரத்தின் நிழலில் பாலையை வைத்தால் இளம் கன்றுக்கு வெயிலும் தணியும். பாலை தலை எடுத்த பிறகு ஜாம் மரத்தைக் கழித்துவிடலாம். இதை நான் யோசிக்கவில்லை.

சாளம்பைக்குளம் ராத்தா:

யாரும் இலந்தையைச் சொல்லவில்லையே.

எங்கள் ஊரில் இறந்துபோன பெண்களின் மையித்துகளை (உடல்களை) குளிப்பாட்டப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. தண்ணீரும் ஸித்ரும் கொண்டு குளிப்பாட்டுங்கள் என்று றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தங்கள் மகளின் ஜனாஸாவில் சொன்னதை உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். ஸித்ர் என்றால் எங்களுக்கு இலந்தை இலை. முந்தி அது வேலி ஓரமெல்லாம் நின்றது. முள்ளு என்று வெட்டி, மதில் கட்டி, இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை. போன நோன்புக்கு முன் ஒரு மௌத்து. தண்ணீர் எல்லாம் ஆயத்தம், இலந்தை இலை மட்டும் இல்லை. ஒரு பிள்ளை மோட்டர் சைக்கிளில் எட்டுக் கட்டை (மைல்) ஓடிப் போய், யாரோ ஒரு ஐயாவின் தோட்டத்து வேலியில் ஒடித்துக்கொண்டு வந்தான். அந்த இலையை உரலில் போட்டு இடித்தபோது நுரை பொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் கடைசிக் குளிப்புக்கு உரிய மரத்தை எங்கள் கையாலேயே வெட்டிவிட்டோமே என்று இருந்தது.

ஒவ்வொரு மையவாடிக்கும் (அடக்கம் செய்கிற இடத்துக்கும்) ஓர் இலந்தை வையுங்கள். தண்ணீர் அதிகம் கேட்காது. பழத்தைப் பிள்ளைகள் தின்னட்டும்.

மக்தப் உஸ்தாத்:

ராத்தா, அல்லாஹ் உங்களுக்கு றஹ்மத் செய்யட்டும். அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. இலந்தையை வெட்டியவரின் தலையை அல்லாஹ் நரகில் கவிழ்ப்பான் என்று கடுமையாக வருகிறது. இதன் கருத்து என்ன என்று கேட்கப்பட்டபோது இமாம் அபூதாவூத் அவர்களே விளக்கம் சொல்லியிருக்கிறார்கள்: பாலைவனத்தில் வழிப்போக்கரும் கால்நடையும் நிழலுக்கு ஒதுங்குகிற மரத்தை, காரணமும் உரிமையும் இல்லாமல் வெட்டுபவரைப் பற்றியது அது. மதில் கட்ட வெட்டியவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. வெட்டினால் பதிலுக்கு ஒன்று வைத்திருக்கலாம்.

கட்டாக்காலி மாடு பற்றி இங்கே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சிலர் மரம் நடுவது பற்றிய அந்த ஹதீஸின் ஜாபிர் (ரலி) அறிவிப்பைக் காட்டி, விலங்கு தின்றதும் ஸதகா, திருடப்பட்டதும் ஸதகா என்று வருகிறதே, ஆடு தின்றாலும் நன்மைதானே என்று விட்டுவிடுகிறார்கள். அது காய்த்த மரத்துக்குச் சொல்லப்பட்ட ஆறுதல். ஒரு முழம் கன்றை வேரோடு தின்னவிட்டுவிட்டு அந்த ஹதீஸைச் சொல்வது சோம்பலுக்குப் போர்வை போடுவது.

பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவரின் தோட்டத்தில் புகுந்து நாசம் செய்தபோது நபியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு. இரவில் கால்நடையைக் கட்டுவது அதன் சொந்தக்காரர் பொறுப்பு, இரவில் நடந்த சேதத்துக்கு அவர் ஈடு கொடுக்க வேண்டும். இதை ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். பகலுக்கு நாங்கள், இரவுக்கு மாட்டுக்காரர்.

அடம்பன் ஆசிரியர்:

நான் கிறிஸ்தவன், ஓய்வு பெற்ற ஆசிரியன். இந்த உரையாடலை ஆர்வத்தோடு வாசிக்கிறேன். கசப்பான ஒன்றை நான்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, கோபிக்காதீர்கள்.

முதலாவது, மாடு. உங்கள் 40 கன்றும் எங்கே நடப்பட்டன? சிலாவத்துறைப் பக்கம் போகும்போது நான் பார்த்த இடம் அதுவானால், அறுவடைக்குப் பிறகு மாடுகள் மேய்ந்து தண்ணீருக்குப் போகிற வெளி அது. அங்கே மாடு கட்டாக்காலி இல்லை. வந்தது நாங்கள்தான்.

இரண்டாவது, காணி. வன்னியில் திறந்த வெளியில் வரிசையாகக் கன்று நின்றால், காணி பிடிக்கிறார்கள் என்றுதான் பக்கத்து ஊரார் முதலில் நினைப்பார்கள். எந்தச் சமூகம் நட்டாலும் மற்றச் சமூகம் அப்படித்தான் நினைக்கும். வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல், இடம்பெயர்ந்தவர்களின் பழைய உறுதி, புதிதாக வந்தவர்களின் அனுமதிப்பத்திரம் என்று மூன்றும் ஒரே நிலத்தில் மோதுகிற இடங்கள் எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. வில்பத்து தேசியப் பூங்காவுக்கு வடக்கே உள்ள காட்டில் மீள்குடியேற்றத்துக்காக வெட்டப்பட்ட இடத்தில் மீண்டும் மரம் நட வேண்டும் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டதும் எல்லோர் நினைவிலும் இருக்கும். அந்தச் சூட்டுக்குள் நின்று மரம் நடும்போது யாருக்காக நடுகிறீர்கள் என்ற கேள்வி வரும்.

கொண்டச்சிக் காற்று:

ஐயா, கோபம் இல்லை. கேட்டது நல்லது.

மாட்டு விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. அது மேய்ச்சல் வெளி. வெறுமையாகக் கிடக்கிறதே என்று நட்டோம். எங்கள் பிழை.

யாருக்காக என்று கேட்டீர்கள். அதற்கு ஒரு பதில் என்னிடம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களான எங்களைப் புலிகள் வெளியேறச் சொன்னபோது எனக்கு எட்டு வயது. வாப்பா வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டினார். மறிச்சுக்கட்டிப் பக்கமாக நடந்தோம். புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் பத்து வருஷத்துக்கு மேல். 2003ல் வாப்பா அங்கேயே மௌத்தானார். அந்தச் சாவி உம்மாவிடம் இருந்தது.

2010ல் முதல் தடவை ஊருக்கு வந்தேன். கண்ணிவெடி அகற்றிய பாதை வழியாகத்தான் போகலாம் என்றார்கள். வீடு இல்லை. கதவு இருந்த இடத்தில் உடைமரம். கிணறு தூர்ந்துபோய், கட்டு மட்டும் வட்டமாகத் தெரிந்தது. அந்தப் பற்றைக்குள் எங்கள் வளவு எது என்று புளிய மரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். என் மூத்த ராத்தா (அக்கா) பிறந்த வருஷம் வாப்பா நட்டது. நாங்கள் போகும்போது கூரை மட்டத்துக்கு நின்ற மரம், இப்போது இரண்டு பேர் கை கோத்தாலும் எட்டாது. கீழே கோது கோதாகப் புளியம்பழ ஓடு. குரங்கு தின்றது பாதி, யாரோ கல்லில் வைத்து உடைத்துக் கொட்டை எடுத்தது பாதி. பக்கத்தில் கரி பிடித்த மூன்று அடுப்புக்கல்லும் ஒரு ரின் பாலின் வெற்றுப் பேணியும் கிடந்தன.

யார் அங்கே சமைத்தார்கள் என்று தெரியாது. காட்டுக்கு விறகு எடுக்க வந்தவர்களாக இருக்கலாம், சண்டைக்கு ஓடி வந்தவர்களாக இருக்கலாம், எங்களைப் போகச் சொன்ன பக்கத்துப் பொடியன்களாகக்கூட இருக்கலாம், பிறகு வந்த ஆமிக்காரராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் 20 வருஷமாக அந்த மரம் அவர்களுக்கு நிழலும் புளியும் கொடுத்திருக்கிறது. வாப்பா கப்றுக்குள் போன பிறகும் ஏழு வருஷம். அங்கே நின்று அந்த ஹதீஸை நினைத்தேன். அதில் 'உங்கள் ஆட்கள் உண்டால்' என்று இல்லை. மனிதரோ, பறவையோ, விலங்கோ. அவ்வளவுதான்.

யாருக்காக நடுகிறோம் என்றால், ஐயா, இதுதான் பதில். காணிக்காக இல்லை. யாருக்கும் பதில் சொல்வதற்காகவும் இல்லை.

அடம்பன் ஆசிரியர்:

தம்பி, இதற்குப் பிறகு நான் என்ன எழுத. நானும் 2008ல் வீட்டைவிட்டு ஓடியவன். எந்தெந்த மரத்தின் கீழே சமைத்துச் சாப்பிட்டோம் என்று எனக்கும் தெரியாது. யாரோ நட்டவைதான்.

உங்கள் கிராம அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த இடம், எத்தனை கன்று, மரமும் காயும் பொது, நடுகிறவர்களுக்குக் காணியில் உரிமை இல்லை என்று தெளிவாக. பிரதேச செயலகத்துக்கும் பக்கத்துக் கோயில், தேவாலய நிர்வாகத்துக்கும் பிரதி. வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.

மக்தப் உஸ்தாத்:

ஆசிரியர் ஐயா சொன்ன கடிதம் மார்க்கப்படியும் தேவை. செத்த நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்ற ஹதீஸைச் சிலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். அது எவருக்கும் உரித்தில்லாத நிலத்தைப் பற்றியது. அரச காணிக்கும், ஊரார் பொதுவாகப் பயன்படுத்தும் வெளிக்கும் அதைச் சொல்ல முடியாது. நபியவர்கள் நகீஃ என்ற இடத்தை 'ஹிமா' (பொதுவுக்காகக் காக்கப்படும் நிலம்) என்று ஒதுக்கிக் குதிரைகளின் மேய்ச்சலுக்கு விட்டார்கள். மதீனாவின் எல்லைக்குள் மரம் வெட்டவும் தடை போட்டார்கள். மேய்ச்சலுக்கு ஓர் இடம், மரத்துக்கு ஓர் இடம் என்று பிரித்ததைக் கவனியுங்கள். ஒன்றின் வாயைக் கட்டி மற்றதை வளர்க்கவில்லை.

பள்ளிவாசல் வளவிலும் மையவாடியிலும் நட்டால், காய் யாருக்கு என்பதை நடும்போதே நிய்யத்தாக (நோக்கமாக) சொல்லிப் பள்ளிவாசல் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். வழிப்போக்கருக்கும் பிள்ளைகளுக்கும் என்று எழுதினால் பிறகு நிர்வாகசபையில் சண்டை வராது.

தண்ணீரூற்றுத் தம்பி:

தண்ணீர்க் கேள்வி அப்படியே நிற்கிறது. நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிவாசலில் வுழூ எடுக்கிற (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுகிற) பைப்புக்குக் கீழே வாளியை வைத்து நானே வுழூ எடுத்தேன். பிறகு அளந்தால் ஆறு லீட்டர்! நான் ஒன்றும் ஊதாரி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜும்ஆவுக்கு 60 பேர் அங்கே வுழூ எடுத்தால் 360 லீட்டர். ஒரு கன்றுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை ஐந்து லீட்டர் என்று வைத்தால், அன்று ஒரு நாள் தண்ணீரே 70 கன்றுக்கு ஒருமுறை ஊற்றப் போதும். அது அவ்வளவும் கானுக்குள் போய்க்கொண்டிருந்தது.

இப்போது அந்தத் தண்ணீரை ஒரு சீமெந்துத் தொட்டிக்குத் திருப்பிவிட்டோம். சவர்க்காரம் கலக்காத தண்ணீர், வாய் கொப்பளித்ததும் கை கால் கழுவியதும்தான். மலசலகூடக் குழாய் அதோடு சேராமல் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். எங்களுடையது சேர்ந்திருந்தது, உடைத்துப் பிரிக்க இரண்டு நாள் பிடித்தது.

உஸ்தாத், இதை மரத்துக்கு ஊற்றலாம்தானே? ஒரு பெரியவர் ஆட்சேபித்தார்.

மக்தப் உஸ்தாத்:

தாராளமாக. நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் (சட்ட வழியில்) வுழூ எடுத்த தண்ணீர் தன்னளவில் சுத்தமானது, மறுபடி வுழூவுக்குத்தான் ஆகாது. மரத்துக்கு ஒரு தடையும் இல்லை.

உங்கள் ஆறு லீட்டர்தான் என்னை உறுத்துகிறது. நபியவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூ எடுத்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. முத்து என்றால் இரண்டு கையும் சேர்த்து அள்ளுகிற அளவு, முக்கால் லீட்டர்கூட வராது. ஓடும் ஆற்றில் நின்றாலும் வீண் செய்யாதே என்ற இப்னு மாஜா ஹதீஸையும் குத்பாக்களில் சொல்வார்கள். அதன் அறிவிப்பாளர் வரிசையில் பேச்சு இருப்பதால் நான் முத்து ஹதீஸையே பிடித்துக்கொள்கிறேன். தொட்டி கட்டியது நல்லது. பைப்பையும் பாதியாகத் திறக்கப் பழக்குங்கள். வுழூத் தண்ணீர் மரத்துக்குப் போகிறதே என்று கூடுதலாகத் திறந்துவிட்டால், கிணறு வற்றுவது வற்றுவதுதான்.

நெடுங்கேணி விவசாயி:

பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நிற்கிற கன்றுக்கு அது சரி. தூரத்தில் நடுவதற்கு இரண்டு வேலை. குழியை இரண்டடி ஆழம், இரண்டடி அகலம் வெட்டி, அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கி, எரு கலந்த மண் போடுங்கள். பொச்சு கிழமைக் கணக்கில் ஈரம் பிடித்திருக்கும். பக்கத்தில் ஒரு மண்முட்டியை அடியில் சின்ன ஓட்டை போட்டு, திரியாகத் துணி செருகி, கழுத்து வரை புதையுங்கள். அதை நிரப்பினால் போதும், மேலே ஊற்றுகிற தண்ணீரைப்போல வெயில் குடிக்காது. சுற்றி அலம்பல் வேலி. முள்ளுக்கம்பிக்குக் காசு தேட வேண்டாம், உடைமுள்ளை வெட்டிக் குத்தினாலே ஆடு மூக்கை வைக்காது.

கஷ்டம் மாரியில் இல்லை. மாசிக்குப் பிறகு, சோளகக் காற்று அடிக்கிற கோடை காலத்தில்தான். அப்போது யார் ஊற்றுவது என்று இப்போதே பெயர் எழுதுங்கள்.

கொண்டச்சிக் காற்று:

நேற்று இஷாவுக்குப் பிறகு கூடிப் பேசினோம்.

இந்த முறை 40 இல்லை, 15 மட்டும். மேய்ச்சல் வெளியை விட்டுவிட்டோம். பள்ளிவாசல் வளவில் ஆறு, மையவாடியில் ஐந்து (அதில் இரண்டு இலந்தை, ராத்தா), பஸ் நிற்கிற சந்தியில் நான்கு. சந்தியில் வைக்கப்போவது புளியும் வேம்பும். அங்கே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் பாதிப் பேர் வேறு ஊர் ஆட்கள், அதனால்தான் அந்த இடம். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வீட்டுக்காரர் பெயர் எழுதியாயிற்று. மூன்று கோடைக்கு அவர் பொறுப்பு. ஊரை விட்டுப் போனால் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும், அமானிதம் மாதிரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணி ஜும்ஆவில் வாசிப்போம். நட்ட கணக்கு வாசிப்பதில்லை, நிற்கிற கணக்கு மட்டும்.

மாட்டுக்காரர் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இரவில் கட்டுவதாகச் சொன்னார்கள். மேய்ச்சல் வெளியை விட்டுக்கொடுத்தோம் என்றதும் ஒருவர் ஒரு வண்டில் எரு தருவதாகச் சொன்னார்.

பழைய 11 கன்றையும் விடவில்லை. தேக்கானாலும் உயிர்தானே, அதற்கும் பெயர் போட்டிருக்கிறோம்.

ஆசிரியர் ஐயா, கடிதத்தை நீங்களே எழுதித் தந்தால் உதவி.

அடம்பன் ஆசிரியர்:

எழுதி வைத்துவிட்டேன். நடுகிற நாளைச் சொல்லுங்கள், கையோடு கொண்டு வருகிறேன். ஒரு குழி எனக்கும் வெட்டத் தாருங்கள்.

நெடுங்கேணி விவசாயி:

என்னிடம் பாலைக் கன்று எட்டு இருக்கிறது, இரண்டு வயது. வவுனியா பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். முதல் மழைக்கே அவசரப்பட வேண்டாம். மண்ணைக் கிளறிப் பார்த்து ஒரு முழத்துக்கு ஈரம் இறங்கிய பிறகு நடுங்கள். பின்னேரம் நட்டால் கன்றுக்கு ஓர் இரவு குளிர்ச்சி கிடைக்கும்.

கொண்டச்சிக் காற்று:

சரி ஐயா. அஸருக்குப் பிறகு வைத்துக்கொள்கிறோம். பை கீற பிளேட் ஒரு பெட்டி வாங்கி பள்ளிவாசல் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.